புல்தரை போட ஆள் தேடுகிறீர்களா? மண் லோடு இறங்கும் முன் இதைப் படியுங்கள்

மேடவாக்கம் பக்கம் எங்கள் வீட்டு முன்வாசலில் 600 சதுர அடி காலி இடம். முட்டி ஆபரேஷன் ஆன மாமனாருக்குக் காலையில் செருப்பில்லாமல் புல்லில் நடக்க வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் போன வருடம் செப்டம்பர் கடைசியில் ஒருவரைப் பிடித்தோம். செம்மண், மக்கிய தொழு உரம், கொரியன் புல், ஆறு மாதப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து சதுர அடி 70 ரூபாய் என்றார். மொத்தம் 42,000. 30,000 முன்பணமாக வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, "வேலை முடிஞ்சதும் மொத்தமா போட்டுத் தரேன் மேடம்" என்றார். இன்றுவரை தரவில்லை.

மண் லாரி ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. பகலில் உள்ளே விடமாட்டார்கள் என்று காரணம் சொன்னார். இருட்டில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் செம்மண்ணோடு செங்கல் துண்டு, பூச்சு உதிர்ந்த சிமென்ட், நடுநடுவே கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்குகள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினார். "இது கோரைக்கிழங்குக்கா. இத உள்ள விட்டா உங்க ஆயுசுக்கும் போகாது." குளியல் பொடிக்கு அரைப்போமே, அதே வாசனை. உடனே போன் செய்தேன். "அது சும்மா வேர்க்கட்டை மேடம், மண்ணுக்குள்ள மக்கிடும்" என்றார். செய்கிறவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். லாரியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

தொழு உரம் என்று வந்ததும் பச்சைச் சாணம். கை வைத்தால் சூடு தெரிந்தது. மக்கிய உரம் கறுப்பாக, பொலபொலவென்று, சாண நாற்றமே இல்லாமல் இருக்கும். இதைப் புல்லுக்கு அடியில் பரப்பியதில் மூன்றே வாரத்தில் வெள்ளைப் புழு. ஒரு மூலையில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி கையோடு வந்தது, அடியில் வேரே இல்லை.

இன்னொரு கோளாறு, பாதி இடத்தில் பக்கத்து வீட்டு மாமர நிழல். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலுக்கு அகல இலை பஃபல்லோ புல்தான் ஓரளவு தாங்கும். இதை முதல் நாளே அவர் சொல்லியிருக்க வேண்டும். வாட்டமும் பார்க்கவில்லை. எட்டடிக்கு ஒரு அங்குலமாவது வாசல் பக்கம் சரிவு கொடுத்திருந்தால் தண்ணீர் ஓடியிருக்கும். எங்கள் பக்கம் அடியில் களிமண். அக்டோபர் மூன்றாவது வாரம் மழை பிடித்ததும் நான்கு நாள் தண்ணீர் தேங்கி, புல் மஞ்சளாகி அழுகல் நாற்றம் அடித்தது. சென்னையில் வருடத்து மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. அதற்குச் சற்று முன்னால் தட்டையாகப் புல் பதிப்பவர் எந்த ஊரில் வேலை கற்றாரோ.

தண்ணீர் வடிந்ததும் கோரை கிளம்பியது. பிடுங்கினால் மேல் தழை மட்டும் அறுந்து வரும். கீழே கிழங்குகள் சரம் சரமாகக் கோத்துக் கிடக்கின்றன. ஒன்றின் தலையைக் கிள்ளினால் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கிழங்குகளும் முளைக்கின்றன. நான் பிடுங்கப் பிடுங்க அடர்த்தியானது.

இதற்கு அவர் அனுப்பிய வைத்தியத்தைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஒரு பையன் முதுகில் ஸ்ப்ரேயரோடு வந்தான். கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை, வெறுங்கால். மருந்தை லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தான். கேட்டதற்கு "கோரைய மட்டும் கொல்லும்க்கா" என்றான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடி. பத்து நாளில் கோரை, புல், ஓரத்தில் இருந்த மல்லிகை, செம்பருத்தி எல்லாம் பழுத்துக் கருகின. அடித்தது கிளைபோசேட் என்று பிறகு அவரே போனில் ஒப்புக்கொண்டார். அது பச்சையாக எது இருந்தாலும் இலை வழியாக வேர் வரை இறங்கிக் கொல்லும், கோரை, புல் என்று பிரித்துப் பார்க்காது. 2022 அக்டோபரிலேயே, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள்தான் இதை அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. என் செடி போனதைவிட அவன் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

பூச்சிமருந்து, களைமருந்து எதுவானாலும் மூடி திறக்காத டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். டப்பாவில் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும்: சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. அது இல்லாத பாட்டிலை கேட்டுக்குள் விடாதீர்கள்.

மண் வாங்குகிறவர்கள் லோடு வருவதற்குப் பதினைந்து நாள் முன்பே அதே மண்ணில் ஒரு பக்கெட் கேட்டு வாங்கி, தண்ணீர் தெளித்து வெயிலில் வையுங்கள். கோரை இருந்தால் அதற்குள் முளைத்துவிடும். பகலில் இறக்க முடியாது என்றால் மண்ணே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கத்திரி வெயிலில் ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டி, கிழங்குகளை மேலே காயவிட்டுப் பொறுக்கினோம். மூன்று சாக்கு வந்தது. இன்னும் அங்கங்கே முளைக்கிறது, வாரம் ஒருமுறை கிழங்கோடு தோண்டி எடுக்கிறோம்.

பணத்துக்காக நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் கையில் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் பங்களா புல்வெளி வீடியோக்களை ஸ்டேட்டஸில் போடுகிறார். எங்கள் வீட்டில் புல் பதித்த முதல் நாள் எடுத்த படமும் அதில் இருக்கிறது.