வடசென்னைத் தண்ணீரும் 200 லிட்டர் ஜாக்கெட் டேங்கும்

பீர் ஆலைகளில் மால்ட் (முளைகட்டிய தானிய) கரைசலைச் சூடேற்றும் இரட்டைச் சுவர் டேங்கின் சின்ன வடிவம்தான் இது. இங்கே அதில் வேகுவது கேழ்வரகுக் கூழ், பால், பாயசம். நேரடி அடுப்பில் அண்டா ஏற்றினால் அடிப்பிடிக்கிற எதற்கும் பொருந்தும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இதை வாங்க வருபவர்கள் முதலில் தகட்டின் கனத்தைத்தான் கேட்கிறார்கள். பல வருடம் ஓட்டிய பிறகு நாங்கள் முதலில் கேட்பது வேறு: ஜாக்கெட்டுக்குள், அதாவது இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், எந்தத் தண்ணீரை ஊற்றப் போகிறீர்கள்?

முதலில் அளவுகள். உள்பாத்திரம் 650 மி.மீ. விட்டம், 700 மி.மீ. உயரம். விளிம்பு வரை 230 லிட்டர் கொள்ளும். பொங்குவதற்கு இடம் விட்டு 180 லிட்டர்தான் காய்ச்ச வேண்டும். பக்கச் சுவர்களுக்கு நடுவே 20 மி.மீ., அடியில் ஹீட்டர் படுக்க 60 மி.மீ. இடைவெளி. ஜாக்கெட் 500 மி.மீ. உயரத்தோடு நின்றுவிடும். 180 லிட்டர் ஊற்றினால் மட்டம் 540 மி.மீ. வரும் என்பதால் சூடான சுவர் எப்போதும் கூழுக்குள் மூழ்கியிருக்கும். ஜாக்கெட்டை விளிம்பு வரை ஏற்றித் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மட்டத்துக்கு மேலே சுவர் சூடாக இருந்தால், தெறித்த கூழ் காய்ந்து பொருக்காகி, அடுத்த கிளறலில் கட்டி கட்டியாக உள்ளே விழும். அதே காரணத்தால் 170 லிட்டருக்குக் குறைவாகவும் காய்ச்சக் கூடாது.

ஜாக்கெட் கொள்ளளவு சுமார் 40 லிட்டர். 180 லிட்டர் கூழையும் இந்த 40 லிட்டரையும் 30 டிகிரியிலிருந்து 90-க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 15 யூனிட் மின்சாரம் பிடிக்கும். மூன்று பேஸுக்கு ஒன்றாக 4 கிலோவாட் ஹீட்டர் மூன்று போட்டால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பேஸுக்கு 17 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் 4 சதுர மி.மீ. செம்பு வயரும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். தண்ணீர் ஜாக்கெட்டால் உள்ளே தளதளவெனக் கொதிக்க வைக்க முடியாது. 90-ஐத் தாண்டியதும் ஏற்றம் நொண்டும். கேழ்வரகு மாவு வேக அந்தச் சூடு போதும். கொதி வேண்டும் என்றால் நீராவி ஜாக்கெட்தான் வழி. அதற்குத் தகடு, அடித்தட்டின் வளைவு, பாதுகாப்பு வால்வு எல்லாமே வேறு கணக்கு.

சூட்டைக் கட்டுப்படுத்துவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். முளைகட்டிய தானியக் கூழுக்காக, உள்ளே ஒரு சென்சார் மட்டும் வைத்து, 66 டிகிரியில் ஹீட்டரை நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அந்த நேரத்தில் ஜாக்கெட் நீர் 97-ல் நிற்கும். ஹீட்டர் அணைந்த பிறகும் அந்த 40 லிட்டரின் சூடு உள்ளே இறங்கி, கூழ் 71-ஐத் தொட்டுவிடும். முளைகட்டிய தானியத்தின் நொதிகளுக்கு 66-க்கும் 71-க்கும் பெரிய வித்தியாசம். ஜாக்கெட்டில் இன்னொரு பி.டி.100 வெப்பநிலை சென்சார் போட்டு, கூழைவிட 10 டிகிரிக்கு மேல் நீர் சூடாகாதபடி கடைசிக் கட்டத்தில் கட்டிப்போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இனி தண்ணீர். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. கரையோர போர் தண்ணீரில் உப்பு கரிக்கும். டேங்க் செய்யும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. சூடான நீரில் அந்த அளவே ஆபத்து. 60 டிகிரியைத் தாண்டியதும் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் விடும். நீர்மட்டக் கோட்டிலும் ஹீட்டர் மேல் படிந்த உப்புக்கு அடியிலும் ஊசித் துளைகள் விழும். தகடு 2 மி.மீ. ஆனாலும் 3 மி.மீ. ஆனாலும் கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட அதே நீரை மொத்தம் 40 லிட்டர் ஊற்றி முடிக்கும்போது உப்பு இரண்டு மடங்காகியிருக்கும். ஆகவே ஆர்.ஓ. நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுங்கள். காருக்கு ஊற்றும் கூலண்டை இதில் சேர்க்கவே கூடாது. பெரும்பாலானவற்றில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது, அது நஞ்சு.

உள்சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: இரவு டேங்கைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, ஜாக்கெட்டை நிரப்பி வையுங்கள். காலையில் டார்ச் அடித்து வெல்டிங் வரிகளைப் பாருங்கள். ஒரு முத்து நீர் நின்றாலும் கசிவுதான். காய்ச்சும்போது இது பிடிபடாது. உள்ளே மட்டம் உயரமாக இருப்பதால் கூழ் ஜாக்கெட்டுக்குள் போகும். வடித்த நீர் கலங்கி, புளித்த வாடை அடித்தால் அதுதான் அடையாளம். முதலில் விடுவது பெரும்பாலும் வடிகுழாய் ஜாக்கெட்டைத் துளைத்து வெளிவரும் இடத்து வெல்டிங்.

ஜாக்கெட்டிலிருந்து ஆவி வெளியேறும் குழாயை யாரும் அடைக்கக் கூடாது. 30-லிருந்து 95 டிகிரிக்குப் போகும்போது 40 லிட்டர் நீர் 1.4 லிட்டர் விரியும். அதற்கு மேலே 5 லிட்டர் திறந்த தொட்டி வேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்று குழாய்க்குக் கட்டை அடித்தால், 120 டிகிரியில் உள்ளே ஒரு பார் அழுத்தம் ஏறிவிடும். தட்டையான அடித்தகட்டின் மீது அது 3 டன்னுக்கு மேற்பட்ட தள்ளல். இந்த டேங்க் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. நீர் குறைந்தால் ஹீட்டரை அணைக்கும் மிதவை ஸ்விட்சையும் வாரம் ஒருமுறை கையால் அழுத்திச் சோதியுங்கள்.

பட்டறையில் 304 என்று சொல்லி மட்டமான 202 ரகத் தகடு போடுவதும் நடக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டாது, அந்தச் சோதனையை நம்பாதீர்கள். தகட்டின் ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். வெளிச்சுவரை இரும்பில் செய்து மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். சூட்டில் இரண்டு உலோகமும் வேறு வேறு அளவு விரியும், துருவும் சேறாக அடியில் தங்கி ஹீட்டரை மூடும். ஆர்கான் வெல்டிங் முடிந்ததும் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறையைப் பிக்கிளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் உட்பக்கத்தை மூடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், பிறகு கை போகாது.

கிளறிக்கு டெஃப்லான் விளிம்பு வைத்த நங்கூர வடிவத் துடுப்பு, நிமிடத்துக்கு 25 சுற்று போதும். விளிம்பு தேய்ந்து சுவரை விட்டு விலகியதும் அடிப்பிடித்த வாடை திரும்பிவிடும். வடிகுழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது: வால்வுக்கு முன்னால் தங்கும் கூழ் வேகாமல் மாவாகவே நின்று, திறந்ததும் முதல் குவளையில் வந்து விழும். முதல் இரண்டு லிட்டரை வாளியில் பிடித்து மறுபடி டேங்கில் ஊற்றிக் கிளறிவிட்டே பரிமாற எடுங்கள்.