நூனிட்டோ போல்ட் இட்டாலிக்: தலைப்புக்குப் பொருந்தும், பத்திக்கு ஆகாது

முனை உருண்ட ஃபான்ட்களில் பலவற்றுக்கு இட்டாலிக்கே கிடையாது. வெரேலா ரவுண்டில் மொத்தமே ஒரு வடிவம்தான். எழுத்து வடிவமைப்பாளர் வெர்னன் ஆடம்ஸ் தொடங்கிய நூனிட்டோவில் 200 (மெல்லியது) முதல் 1000 (மிகத் தடித்தது) வரை எல்லாத் தடிமனுக்கும் சாய்வு உண்டு. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் வணிக வேலைக்கும் இலவசம்.

பலர் சறுக்குவது இணையதளத்தில் நிறுவும்போதுதான். நேர் வடிவம் ஒரு கோப்பு, இட்டாலிக் தனிக் கோப்பு. முதலாவதை மட்டும் ஏற்றினால் பிரவுசரே எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், வழக்கமாக 14 டிகிரி. ஆங்கில 'O' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலப்பக்க மேல்மூலையும் இடப்பக்கக் கீழ்மூலையும் பருத்து, மற்ற இரண்டு மூலைகளும் மெலிந்திருந்தால் அது போலி. உருண்ட முனைகளும் நசுங்கிய முட்டை மாதிரி ஆகிவிடும். மெல்லிய எழுத்தில் இது தெரியாமல் போகலாம், போல்டில் மறைக்க முடியாது. வேரியபிள் கோப்பு (எல்லாத் தடிமனும் ஒன்றிலேயே அடங்கியது) என்றால், ஃபான்டை ஏற்றும் சிஎஸ்எஸ் விதியான ஃபான்ட்-ஃபேஸில் தடிமன் வரம்பை '200 1000' என்று எழுத வேண்டும். விட்டுவிட்டால் பிரவுசர் அதை சாதாரணத் தடிமனான 400 என்று எடுத்துக்கொண்டு, போல்டையும் பூசி மெழுகித் தரும். பிரவுசர் போலி வடிவம் செய்வதைத் தடுக்கும் 'ஃபான்ட்-சிந்தெசிஸ்: நன்' என்று சிஎஸ்எஸ்ஸில் போட்டு வைத்தால் எந்தக் கோப்பு விடுபட்டது என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

பட்டன், சலுகை அறிவிப்பு, சிறுவர் செயலி, விளையாட்டு ஸ்கோர் என நாலைந்து சொல்லில் முடியும் இடங்களில் இந்தப் போல்ட் இட்டாலிக் துள்ளலாக நிற்கிறது. 14 பிக்சலுக்குக் கீழே 'e', 'a', 's' ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளின் உள்வெளி அடைபடத் தொடங்கும். எழுத்து இடைவெளியை 0.02 எம் (எழுத்தின் அளவில் 2 சதவீதம்) கூட்டினால் கொஞ்சம் தேறும். பெரிய தலைப்பில் அதே அளவு குறைக்கலாம். பத்தி முழுக்க இதில் அடித்தால் நாலாவது வரியிலேயே கண் வலிக்கும்.

வினைல் ஸ்டிக்கருக்கு இது வரப்பிரசாதம். கூர்மூலை இல்லாததால் ஓரம் அவ்வளவு சீக்கிரம் உரியாது. ஆனால் வேரியபிள் கோப்பில் எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கலாம். அவுட்லைன் ஆக்கியதும், அந்தப் பாகங்களை ஒன்றாக இணைக்கும் வெல்ட் அல்லது யூனியன் கொடுக்காமல் கட்டிங் மெஷினுக்கு அனுப்பினால், கத்தி எழுத்தின் நடுவிலும் கோடு இழுத்துவிடும். எழுத்தைச் சுற்றி பார்டர் போடும்போதும் இதே தொல்லைதான்.

பெரிய குறை, தமிழ் எழுத்துகள் இல்லை. கலப்பு வரியில் தமிழுக்கு வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்து, அதுவும் சேர்ந்து சாயும். 'ண', 'ழ' எல்லாம் கால் இடறியது போலத் தெரியும். துணைக்கு பலூ தம்பி 2 என்ற தமிழ் ஃபான்ட் ஒத்துப்போகிறது. அதில் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன் உண்டு, இட்டாலிக் இல்லை. எனவே தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 'ஃபான்ட்-ஸ்டைல்: நார்மல்' கொடுத்து நிமிர்த்தியே வையுங்கள்.