அயலி, சுழல், விலங்கு, வதந்தி: எதை யாரோடு உட்கார்ந்து பார்ப்பது?

ஒரே ஒரு தமிழ்த் தொடர் பார்க்கத்தான் நேரம் என்றால், ‘அயலி’யைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்தது. முத்துக்குமார் இயக்கம், 8 பகுதிகள். தொண்ணூறுகளின் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கதை நடக்கிறது. பெண் வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும், அடுத்தது கல்யாணம். மீறினால் அயலி அம்மன் கோபம் ஊரையே அழிக்கும் என்று நம்பிக்கை. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பெரியமனுஷி ஆனதை ஊருக்கே தெரியாமல் மறைக்கிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் அந்த மறைத்தல் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு சோதனையைக் கொண்டுவருகிறது. நாலு நாள் யார் கண்ணிலும் படாமல் எப்படி நடமாடுவது, யாரிடம் எந்தப் பொய் சொல்வது என்பதிலேயே தொடரின் விறுவிறுப்பு இருக்கிறது.

தமிழ்ச்செல்வியாக அபி நட்சத்திரா நன்றாகச் செய்திருக்கிறார். ஆனாலும் தொடரைத் தூக்கி நிறுத்துவது அம்மாவாக வரும் அனுமோள். சாமிக்குப் பயந்த ஒருத்தி, மகளின் ரகசியம் தெரிந்து பதறி, பிறகு தானே அதற்குக் காவலாக நிற்கிற மாற்றம் வசனத்தில் இல்லை. வாசலில் யாரோ வரும் சத்தத்துக்கு அவர் திரும்பும் விதத்தில் இருக்கிறது. கடைசிப் பகுதிகளில் மேடைப்பேச்சு வாடை வருகிறது. அதை மன்னிக்கலாம்.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) மாதிரியான தோட்டப்புற டவுனில் இதைப் பாட்டியோடு பார்ப்பது நல்லது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். அந்த பஸ் ஏறாமலே ரப்பர் பால் வெட்டப் போன பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். பேத்திகள் பக்கத்தில் இருந்தால், தொடர் முடிந்தும் பேச்சு முடியாது.

‘சுழல்’ அதற்கு அடுத்தது, ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. அமேசான் பிரைமில் 2022 ஜூனில் வந்தது. எழுத்து புஷ்கர்-காயத்ரி, இயக்கம் பிரம்மாவும் அனுசரண் முருகையனும், இதுவும் 8 பகுதிகள். மலையோர ஊர், ஒரே ஒரு சிமெண்ட் தொழிற்சாலை, வேலைநிறுத்தம். தொழிற்சாலை எரிகிற ராத்திரியில் சங்கத் தலைவர் சண்முகத்தின் சின்ன மகள் காணாமல் போகிறாள். ஒரு பக்கம் போலீஸ் தேடுகிறது, இன்னொரு பக்கம் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. அங்காளம்மன் வேஷங்களும் கொட்டும் வெறும் அலங்காரமாக இல்லாமல் விசாரணையோடு பின்னி வருவது இந்தத் தொடரின் பெரிய பலம். பார்த்திபன், கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ் மூவரும் அளவாக நடித்திருக்கிறார்கள். ஸ்ரேயா ரெட்டியின் இன்ஸ்பெக்டர் நெடுநாள் நினைவில் நிற்பார்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே முதலாளியை நம்பி வாழும் ஊர் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆலை மூடினால் மளிகைக் கடைக் கடன் முதல் கோயில் திருவிழா வரை ஆடிப்போகும். அந்த வேலைநிறுத்தக் கதையை அழகாகத் தொடங்கிவிட்டுப் பாதியில் கைவிட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, கதையின் அடியில் சிறுவர் மீதான பாலியல் கொடுமை இருக்கிறது. காட்சி ஆபாசமாக இல்லை, ஆனால் மனசு கனக்கும். தெரிந்துகொண்டு உட்காருங்கள். 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தை முதலில் தொடாதீர்கள், முதல் பாகத்தின் முடிவு முழுதும் அதில் உடைந்துவிடும்.

‘விலங்கு’ ஜீ5-இல் 2022-இல் வந்தது, 7 பகுதிகள். பிரஷாந்த் பாண்டியராஜ் இயக்கம், எஸ்.ஐ. வேடத்தில் விமல். ஒரு கொலை விசாரணைதான், ஆனால் சின்ன ஸ்டேஷனின் அன்றாடம் அப்படியே இருக்கிறது: அதிகாரியின் நெருக்கடி, காவலுக்கு நிற்கும் அலுப்பு, வீட்டில் பிள்ளைத்தாச்சி மனைவி. நாலு தொடரில் இதற்குத்தான் வேகம் அதிகம். கெட்ட வார்த்தையும் பிணமும் நிறைய, சாப்பிடும்போது வேண்டாம்.

‘வதந்தி’ பொறுமைக்காரர்களுக்கு. பிரைம், 2022 டிசம்பர், ஆண்ட்ரூ லூயிஸ், 8 பகுதிகள். கொலையுண்ட வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஊர் வாய் ஒரு பெண்ணை எப்படிச் செத்த பிறகும் விடாது என்பதுதான் விஷயம். எஸ்.ஜே.சூர்யா வழக்கமான சத்தத்தைக் குறைத்து நடித்திருக்கிறார். நடுவில் இரண்டு பகுதிகள் இழுவை. அங்கே விட்டுவிட்டால் நல்ல முடிவைத் தவறவிடுவீர்கள்.

சன் டிவி நெடுந்தொடர்களில் ‘எதிர்நீச்சல்’ ஒன்றைச் சேர்க்கலாம். அதுவும் மாரிமுத்து ஆதி குணசேகரனாக இருந்த வரை. 2023 செப்டம்பரில் அவர் மறைந்த பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான், ஆனால் அந்த உறுமலுக்குப் பழகிய காதுக்குத் தொடர் வேறாகிவிட்டது.

பார்க்கும் வழியையும் சொல்லிவிடுகிறோம். சாயங்கால மழையில் கூரை மேல் இருக்கும் டிவி டிஷ் தட்டுக்கு சிக்னல் போவது போல இணையத் தொடருக்கு ஆகாது, ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரே ஒரே டவரைப் பிடித்துக்கொண்டிருக்கும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, எழும்பும்போதே கைப்பேசியில் இறக்கிவையுங்கள், அந்த நேரத்தில் லைன் காலி. முக்கால் மணி வீதம் 8 பகுதி என்றால் 6 மணி நேரம். ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், ஆக 18 ஜிபி. சாதாரணத் தரத்தில் 6 ஜிபிக்குள் முடியும், கைப்பேசித் திரைக்கு அது போதும். ‘சுழல்’ பல மொழிகளில் வந்தது, அதனால் இறக்கும் முன் ஒலி தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். தவறான மொழியில் இறங்கினால் மறுபடி டேட்டா செலவு. பிரைமில் இறக்கியது பொதுவாக 30 நாள் இருக்கும், ஆனால் ஒரு பகுதியைத் தொடங்கிவிட்டால் 48 மணி நேரம்தான் கெடு. பாதியில் தூங்கிப்போனால் மறுநாள் ராத்திரியே மீதியை முடித்துவிடுங்கள்.