சாபேயா கம்புஸா? என் ஓட்டு சாபேவுக்கு

மலேசியாவில் மரபுத் தந்திக் கருவி ஒன்று கற்க ஆசைப்பட்டபோது என் முன் இருந்தவை இரண்டு: சரவாக் மாநிலத்தின் சாபே, மலாய் ஸாப்பின் நடனத்திலும் கஸல் பாட்டிலும் ஒலிக்கும் கம்புஸ். வாங்கியது சாபே, அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். கம்புஸை இரவல் வாங்கி வாசித்த பழக்கம் மட்டுமே உண்டு.

கம்புஸ் பேரிக்காய் வடிவம், சுர இடம் காட்டும் மெட்டுகள் (fret) கிடையாது, தந்திகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். சுரம் எங்கே என்று விரலும் காதும் சேர்ந்து தேட வேண்டும். சரவாக்கின் காயான், கென்யா (Kenyah, ஆப்பிரிக்க நாடல்ல) பழங்குடி மக்களின் சாபேயில் மெட்டுகள் உண்டு, அதனால் அந்தத் தேடல் குறைவு. முன்பு நோய் தீர்க்கும் சடங்குகளுக்கு வாசித்தபோது இரண்டே தந்திகள். இப்போது மூன்று, நான்கு, அதற்கு மேலும் உண்டு. பாட்டு பெரும்பாலும் ஒரே தந்தியில் ஓடும், மற்றவை சுருதியாகக் கூடவே ஒலிக்கும். இடது கை அந்த ஒரு தந்தியில் மேலும் கீழும் போய்வரும். ஐந்து சுரப் பாட்டுகளே அதிகம் என்பதால் சீக்கிரமே ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். அரபு ஊத் வகைக் கம்புஸின் வயிறு மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் செய்வது. ஈரக்காற்றில் ஒட்டு விடுமோ என்ற பயம் போகாது. நான் வாசித்ததில் முறுக்காணிகள் வழுக்கிச் சுருதி அடிக்கடி இறங்கியது. சாபே ஒரே மரத்தைக் குடைந்தது, பின்பக்கம் திறந்தே இருக்கும், பிரிய ஒட்டே இல்லை. மரபு சாபேயில் மெட்டுகளைத் தேன்மெழுகில்தான் பதிக்கிறார்கள். வீணைக்கு மேளம் கட்டுவதை, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பதை, பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது. சுரம் பிசகினால் மெழுகை லேசாக இளக்கி மெட்டை நகர்த்தி, காதுக்குச் சரியென்று பட்டதும் அழுத்திவிட்டால் போதும், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வேறு பாட்டுக்கு வேறு சுர வரிசை வேண்டுமென்றாலும் இதே வழிதான். ஆனால் வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறிவிடும்.

மெட்டுகளை நிரந்தரமாகப் பதித்து, ஒலிபெருக்கியோடு இணைக்கும் பிக்கப் வைத்த சாபேகளும் கிடைக்கின்றன. கிட்டாரோடு மேடையேற அவை வசதி. வீட்டில் கற்க நான் மெழுகு வைத்ததையே சொல்வேன்.

உங்கள் மனம் ஸாப்பினிலோ ஜொகூர் கஸலிலோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் கம்புஸுக்குப் போங்கள், அந்த வளைவும் குழைவும் சாபேயில் வராது.