மொட்டைமாடி ஏடிஎஸ்-பி ரிசீவரும் ஒரு பைனாகுலரும்: ஐந்தாண்டு அனுபவம்

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், பென்டிரைவ் அளவேயுள்ள ஒரு ரிசீவரை ராஸ்பெரி பை கணினியுடன் இணைத்து வைத்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. விமானங்கள் தம் அடையாள எண், உயரம், வேகம், இருப்பிடம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன; இந்த அறிவிப்பு முறைக்குத்தான் ஏடிஎஸ்-பி என்று பெயர். அவற்றைப் பிடித்து வரைபடத்தில் புள்ளிகளாக இடுவதே இதன் வேலை.

முதல் சில மாதங்கள் ஆன்டெனாவைச் சன்னலோரம் வைத்திருந்ததால் பாதி வானம் தெரியவேயில்லை. இந்த அலை நேர்க்கோட்டில் செல்வது, சுவரைச் சுற்றி வராது. மாடிக்கு ஏற்றிய அன்றே வங்கக்கடலின் மேல் வெகு தொலைவில் செல்லும் விமானங்களும் தென்பட்டன. பிறகு வாங்கிய சிக்னல் பெருக்கியால் அதில் பாதிப் பயன்கூட இல்லை. உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடுவதால் ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கம்பத்தையே சாய்த்துவிட்டது.

ஆனால் எனக்கு ஆர்வமிருந்தது கடற்படை விமானங்களில். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து 2013 முதல் இயங்கும் இந்தியக் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள், போயிங் 737-800 ரகத்திலிருந்து உருவானவை. இராணுவ விமானங்கள் பல வேளைகளில் இருப்பிடத்தை அறிவிப்பதில்லை என்பதால், தலைக்கு மேல் இரைச்சல் கேட்டும் திரை வெறுமையாகவே இருக்கும். அப்போது கைகொடுப்பது 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) பைனாகுலர்தான். பயணிகள் 737-800இல் இறக்கை நுனி பெரும்பாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பி-8ஐயில் பின்னோக்கிச் சரிந்திருக்கும், சன்னல் வரிசை இருக்காது, வாலின் பின்னே நீர்மூழ்கியைத் தேடும் காந்தமானித் தண்டு நீண்டிருக்கும். இது தெரியாத காலத்தில், சாம்பல் நிறத்தைப் பார்த்துச் சரக்கு விமானம் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கப்பல்கள் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் சொல்லும் ஏஐஎஸ் அறிவிப்பையும் இதே ரிசீவர் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பிடிக்கும்; போர்க்கப்பல்களுக்கு மட்டும் அது கட்டாயமில்லை. அதைவிடச் சிக்கல், போலிப் புள்ளிகள். 2021 ஜூன் 18 இரவு பிரிட்டனின் எச்எம்எஸ் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் ஆகிய போர்க்கப்பல்கள் கிரிமியாவில் ரஷ்யக் கடற்படைத் தளமுள்ள செவஸ்தபோலை நெருங்கியதாக ஏஐஎஸ் பதிவுகள் காட்டின. உக்ரைனின் ஒடெசா துறைமுக நேரலைக் கேமராக்களிலோ அவை கட்டிய இடத்திலேயே நின்றிருந்தன. 23ஆம் தேதி டிஃபெண்டர் மெய்யாகவே கிரிமியாவை ஒட்டிச் சென்றபோது எச்சரிக்கைச் சூடு நடத்தியதாக ரஷ்யா சொல்ல, பிரிட்டன் மறுத்தது. முதல் புள்ளிகளை நம்பி வாதாடியவர்களில் நானும் ஒருவன். இப்போதெல்லாம் படமோ கண்ணால் கண்ட குறிப்போ இல்லாத புள்ளியை 'உறுதியில்லை' என்றே பதிகிறேன்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு, முதலில் பைனாகுலரைப் பரிந்துரைப்பேன். 10x50 வேண்டாம், கை நடுக்கத்தில் கப்பலின் எண்ணைப் படிக்க முடியாமல் நான் அதை விற்றுவிட்டேன்.