பார்சலோனா, 2012 சிறப்புப் பதிப்பு: மோன்செராட் கபாயேயின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

குயின் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியும், ஓபரா என்ற மேற்கத்திய இசைநாடகத்தின் பாடகி மோன்செராட் கபாயேவும் இணைந்து பாடிய 'பார்சலோனா' இசைத்தொகுப்பு 1988 அக்டோபரில் வெளிவந்தது. அதிலிருந்த குரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னணி இசையை மட்டும் முழு ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு புதிதாக வாசிக்கச் செய்து, 2012இல் ஒரு சிறப்புப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். மூன்று குறுந்தகடுகளும் ஒரு டிவிடியும் அடங்கிய பெட்டி அது. குயின் குழுவின் ரசிகர்கள் இதை மெர்க்குரியின் தனிப் படைப்புகளின் வரிசையில் வைத்தே பேசிவருகிறார்கள். கபாயே அதில் ஒரு கௌரவ விருந்தினராகத்தான் அவர்கள் கணக்கில் வருகிறார். இந்தப் பெட்டியை அவருக்காக வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதையே இங்கே பார்க்க நினைக்கிறேன். புதிய ஒலிப்பதிவால் அதிக ஆதாயம் பெற்றவர் கபாயேதான் என்பது என் முடிவு. ஆனால் அவரை அவராகக் காட்டும் இடம் அந்தப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் இல்லை.

கபாயே 1933 ஏப்ரல் 12 அன்று பார்சலோனாவில் பிறந்தார். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த வறுமையும் அவருடைய இளமைக்காலத்தைப் பிடித்துக்கொண்டன. கைக்குட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இசை பயின்றவர், நகரத்துச் செல்வக் குடும்பம் ஒன்றின் ஆதரவால் லிசேயு இசைப்பள்ளியில் படிப்பைத் தொடர்ந்து, 1954இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். அங்கே ஹங்கேரியைச் சேர்ந்த எவ்ஹேனியா கெம்மேனி என்ற ஆசிரியை அவருக்கு அளித்த மூச்சுப் பயிற்சியே அவருடைய வாழ்நாள் முதலீடாக அமைந்தது. 1956 முதல் சுவிட்சர்லாந்தின் பாசெல், பிறகு ஜெர்மனியின் பிரேமன் என்று நடுத்தர ஓபரா அரங்குகளில் மொசார்ட், புச்சீனி, ஷ்ட்ராஸ் ஆகியோரின் படைப்புகளில் கிடைத்த பாத்திரங்களை எல்லாம் பாடித் தேர்ந்தார். சொந்த ஊரின் லிசேயு அரங்கில் 1962இல்தான் முதன்முதலாகப் பாடினார். அப்போது அவருக்கு வயது 28.

உலகம் அவரைக் கவனித்தது ஒரே இரவில் நடந்தது என்று சொல்வார்கள். 1965 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில், கர்ப்பமாக இருந்த பாடகி மேரிலின் ஹோர்னுக்குப் பதிலாக, தோனிசெத்தியின் 'லுக்ரேசியா போர்ஜியா' ஓபராவின் தலைமைப் பாத்திரத்தை அவர் பாடினார். ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசத்தில் அந்தப் பாத்திரத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் கைதட்டல் 25 நிமிடங்கள் ஓயவில்லை என்பது இன்றுவரை சொல்லப்படும் செய்தி. அதே ஆண்டின் இறுதியில் அந்நகரின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கிலும் மேடையேறினார். ஆனால் அந்த ஒரே இரவுக்குப் பின்னால் பாசெலிலும் பிரேமனிலும் கழிந்த சுமார் ஆறு ஆண்டுகளின் உழைப்பு இருந்தது. அந்த உழைப்பு இல்லையென்றால் அவ்வளவு கடினமான ஒரு பாத்திரத்தை அவ்வளவு குறுகிய காலத்தில் தொண்டைக்குள் இறக்கிக்கொள்வது எவருக்கும் முடியாத காரியம்.

அவருடைய தனிச்சொத்து மேல்ஸ்தாயியில் மிக மெல்லிய குரலில் பாடும் ஆற்றல். எந்தப் பாடகருக்கும் உச்ச ஸ்தாயியைத் தொடும்போது குரலை ஓங்கி எடுப்பதுதான் எளிது. காற்றின் அழுத்தம் குறைந்தால் ஸ்வரம் சுருதியிலிருந்து நழுவும், அல்லது குரல் உடைந்து கள்ளத்தொண்டையில் போய் விழும். கபாயே அதே ஸ்வரத்தை நூலிழையாகத் தொடங்கி, சுருதி இம்மியும் அசையாமல் பெருக்கி, மறுபடியும் நூலாக்கி நிறுத்துவார். ஓபரா அரங்கில் ஒலிபெருக்கி கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மெல்லிய குரல் கீழே அமர்ந்திருக்கும் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும். கெம்மேனி கற்றுத்தந்த மூச்சுக் கட்டுப்பாடுதான் இதற்கு அடிப்படை. உச்சரிப்பில் அவர் அசட்டையாக இருப்பதாகவும், மேடை நடிப்பு போதாது என்றும், ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை அடிக்கடி ரத்து செய்கிறார் என்றும் விமர்சகர்கள் குறைசொன்னதுண்டு. அவை முற்றிலும் ஆதாரமற்றவை அல்ல. ஆயினும் அந்த மெல்லிய மேல்ஸ்தாயியைப் பற்றி எவரும் குறைசொன்னதில்லை.

மெர்க்குரியை மயக்கியதும் அதுதான். 80களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வெர்தியின் ஓபரா ஒன்றைப் பாடகர் பாவரொத்திக்காகப் பார்க்கப் போனவர், கபாயேயின் ரசிகராகத் திரும்பினார். 1987 மார்ச்சில் பார்சலோனாவின் ரிட்ஸ் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். மெர்க்குரி தன்னுடன் கொண்டு சென்ற ஒலிநாடாவில், சொற்களே இல்லாமல் கள்ளத்தொண்டையில் அவர் பாடிய ஒரு மெட்டு இருந்தது. கபாயேயின் குரலை மனத்தில் வைத்தே இட்டது. கபாயே அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, சில நாட்களிலேயே லண்டன் மேடையில் மைக் மோரனின் பியானோவுடன் பாடிவிட்டார். ஒரு பாட்டு என்று தொடங்கிய பேச்சு முழுத் தொகுப்பாக வளர்ந்தது. கபாயேயின் நாட்குறிப்பில் ஓபரா தேதிகள் நிரம்பிக் கிடந்ததால், மெர்க்குரி அவருடைய பகுதிகளையும் தானே கள்ளத்தொண்டையில் பாடி நாடாக்களை அனுப்புவார். கபாயே அவற்றைக் கேட்டுப் பயின்று, நேரம் கிடைக்கும்போது வந்து பதிவுசெய்துவிட்டுப் போவார்.

1988 பதிப்பின் குறை அதன் பின்னணி இசைதான். மெர்க்குரி, மோரன், டேவிட் ரிச்சர்ட்ஸ் மூவரும் தயாரித்த அந்தத் தொகுப்பில், வயலின்களும் பித்தளை ஊதுகுழல்களும் இருக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் மின்னணு விசைக்கருவியான சிந்தசைசரே நின்றது. மெர்க்குரிக்கு அது பழகிய சூழல். அவர் குரல் அதில் இயல்பாகவே மிதந்தது. கபாயேயின் நிலை வேறு. வாழ்நாள் முழுவதும் மரமும் தோலும் பித்தளையும் எழுப்பும் ஓசைக்கு மேலே நிற்கப் பழகிய குரல் அது. விசைப்பலகையின் தட்டையான ஒலிக்கு மேல் அது தனியாக ஒட்டவைக்கப்பட்டதைப் போலக் கேட்டது. 2012இல் ஸ்டூவர்ட் மார்லி அந்தப் பகுதிகளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுத, பிராக் நகரக் குழு வாசித்தது. மின்முரசு ஒலித்த இடங்களில் ரூஃபஸ் டெய்லர் முரசு வாசித்திருக்கிறார். இவர் குயின் குழுவின் ரோஜர் டெய்லருடைய மகன்.

தலைப்புப் பாட்டில் இந்த மாற்றத்தின் பலன் உடனே தெரிகிறது. கோரஸ் நகரத்தின் பெயரை எழுப்பி அடங்கியதும் மெர்க்குரி ஆங்கிலத்தில் தொடங்க, கபாயே ஸ்பானிஷ் மொழியில் பதில் கொடுக்கிறார். பழைய பதிவில் அந்தப் பதில் வேறொரு அறையிலிருந்து வருவதாகத் தோன்றும். இப்போது அவருக்குக் கீழே நரம்பு வாத்தியங்கள் உண்மையாகவே மூச்சு விட்டு ஏறி இறங்குவதால், குரலுக்கு ஒரு தரை கிடைத்திருக்கிறது. உச்சத்தில் அவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும்போது பித்தளை வாத்தியங்கள் அடியிலிருந்து தாங்குகின்றன. மெர்க்குரிக்கு இந்த மாற்றத்தால் பெரிய லாபமில்லை. சில வரிகளில் பழைய பதிவின் துடிப்பு சற்றே மங்கியிருப்பதாகவும் எனக்குப் படுகிறது. ஆர்க்கெஸ்ட்ரா எவ்வளவு முயன்றாலும், ஏற்கெனவே முடிந்துபோன ஒரு பாட்டின் காலப்பிரமாணத்துக்குள் அடைபட்டுத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. பாடகர் இழுத்தால் தானும் இழுத்து, தளர்த்தினால் தானும் தளர்த்தும் சுதந்திரம் அதற்கு இல்லை.

மற்றப் பாட்டுகளை ஒரே தட்டில் வைக்க முடியாது. 'லா ஜப்பொனேஸ்' ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் கலந்தது. கபாயேயின் நீண்ட சொற்றொடர்கள் அழகாக இருக்கின்றன என்றாலும், பாட்டு முழுவதும் ஒரு பரிசுப்பொருளின் மினுமினுப்பு. டிம் ரைஸ் வரிகள் எழுதிய இரண்டில் 'த ஃபாலன் ப்ரீஸ்ட்' ஓபராவைப் போலவே இருக்க வேண்டும் என்று பாடுபட்டு ஓபராவைக் கேலி செய்யும் இடத்துக்குப் போய்விடுகிறது. 'த கோல்டன் பாய்' அப்படியல்ல, நடுவில் காஸ்பல் என்ற தேவாலயப் பாணிக் கோரஸ் நுழையும்போது கபாயேயும் அந்தத் தாளத்துக்குள் உற்சாகமாக இறங்கிவிடுகிறார், அது கேட்கச் சுகமாகவே இருக்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும் 'கைட் மீ ஹோம்', 'ஹௌ கேன் ஐ கோ ஆன்' இரண்டும் தொகுப்பின் உறுதியான பகுதி. இரண்டாவதில் 1988இல் பேஸ் கிதார் வாசித்தவர் குயின் குழுவின் ஜான் டீக்கன். இறுதியில் வரும் 'ஓவர்ச்சர் பிக்காந்தே' மற்றப் பாட்டுகளின் துண்டுகளைக் கோத்தது, தவிர்த்துவிடலாம்.

'என்சுவென்யோ' தனியாகப் பேசப்பட வேண்டியது. ரிட்ஸ் ஓட்டலுக்கு எடுத்துச் செல்லப்பட்ட அந்தச் சொற்களில்லாத மெட்டுக்குக் கபாயேவே ஸ்பானிஷ் வரிகள் தந்து உருவான பாட்டு இது. பியானோவும் இரண்டு குரல்களுமே பாட்டைத் தாங்குகின்றன. மெர்க்குரி இங்கே வழக்கமான ராக் குரலை விட்டுவிட்டு, தன் இயல்பான பாரிடோனில், அதாவது ஆண்களின் நடுத்தரக் குரலில், கீழ்ஸ்தாயியில் நின்று பாடுகிறார். அப்படிப் பாடுமாறு வற்புறுத்தியவர் கபாயே. கபாயே நுழையும் இடத்தைக் கவனியுங்கள். முதல் ஸ்வரம் எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாது. பியானோவின் அதிர்வு அடங்கும்போது அதற்குள்ளிருந்தே குரல் விளைகிறது. வரியின் முடிவில் மூச்சு தீர்ந்திருக்கும் என்று நாம் நினைக்கும் இடத்தில், குரல் இன்னொரு படி மேலே ஏறி, முன்பைவிட மெல்லியதாகி நிற்கிறது. 1965இல் நியூயார்க் கேட்டு வியந்தது இந்தத் திறனைத்தான். பாட்டைப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நடுஸ்தாயியில் குரல் சற்று அகன்று, ஓங்கிப் பாடும்போது லேசான கரகரப்பும் எட்டிப்பார்க்கிறது. மெல்லப் பாடும்போது மட்டும் வயது தெரியவில்லை.

இரண்டாம் குறுந்தகடு இந்தப் பாட்டுக்காகவே மதிப்புப் பெறுகிறது. பாடகர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று பாடிய 'என்சுவென்யோ'வின் சில பதிவுகள் இதில் இருக்கின்றன. பாட்டு படிப்படியாக உருவாவதையும், எந்த வரியை யார் எடுப்பது என்று தீர்மானமாவதையும் கேட்க முடிகிறது. மெர்க்குரி அனுப்பிவைத்த நாடாக்களின் மாதிரிப் பதிவுகளும் இங்கேயே உள்ளன. 'பார்சலோனா'வில் கபாயே பாட வேண்டியதை மெர்க்குரி கள்ளத்தொண்டையில் பாடியிருப்பதை முதலில் கேட்டுவிட்டு, பிறகு கபாயே பாடியதைக் கேட்டால், ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும்போதே கபாயே எங்கே சொற்றொடரை நீட்டியிருக்கிறார், எங்கே ஓசையைக் குறைத்திருக்கிறார் என்பது பளிச்சென்று விளங்கும். ஒரு பாடகரின் பங்களிப்பை இவ்வளவு துல்லியமாக எடைபோடும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. என் பார்வையில், பெட்டியின் முதல் தகட்டைவிட இது முக்கியமானது.

மூன்றாம் தகட்டில் குரல்களை நீக்கிவிட்டு ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் ஒலிக்கிறது. கூடவே பாடிப் பார்க்க விரும்புவோருக்கு அது பயன்படலாம். மற்றபடி பெட்டியின் கனத்தைக் கூட்டுவதற்கே வைத்ததாகத் தோன்றுகிறது. டிவிடியில் 1987 மே மாதம் ஸ்பெயினின் இபிசா தீவில் நடந்த நிகழ்ச்சியும், 1988 அக்டோபர் 8 அன்று பார்சலோனாவில் நடந்த 'லா நித்' விழாவும் உள்ளன. 1992 ஒலிம்பிக் நடக்கவிருந்த அந்த நகரத்துக்கு ஒலிம்பிக் கொடி சியோலிலிருந்து வந்து சேர்ந்ததையொட்டி, அரச தம்பதியர் முன்னிலையில் நடந்த விழா அது. பாட்டுகள் முன்பே பதிவானவை. மேடையில் இருவரும் வாயசைக்க மட்டும் செய்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் அரங்கை நிறைத்த ஒருவரை வாயசைக்கும் நிலையில் பார்ப்பது கபாயேயின் ரசிகர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். என்றாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்தில் நடிப்பு எதுவும் இல்லை.

1992 ஒலிம்பிக்கில் இருவரும் சேர்ந்து பாடும் வாய்ப்பு கிட்டாமல், 1991 நவம்பர் 24 அன்று மெர்க்குரி மறைந்தார். 1999இல் பார்சலோனாவின் கேம்ப் நௌ மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முன், மெர்க்குரியின் பதிவுசெய்யப்பட்ட குரலுடன் கபாயே 'பார்சலோனா'வைப் பாடினார். 2015இல் வரி ஏய்ப்பு வழக்கில் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. 2018 அக்டோபர் 6 அன்று தாம் பிறந்த நகரத்திலேயே 85ஆம் வயதில் காலமானார். எண்பதுக்கும் மேற்பட்ட ஓபராப் பாத்திரங்களைப் பாடிய ஒருவரை உலகின் பெரும்பகுதி ஒரு பாப் பாட்டின் வழியாகவே அறிந்திருக்கிறது என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

பெட்டி முழுவதையும் வாங்க வேண்டுமா என்று கேட்டால், குயின் ரசிகர்களுக்கு என் பரிந்துரை தேவைப்படாது. கபாயேவை அறிய விரும்புவோர் புதிய ஆர்க்கெஸ்ட்ராப் பதிப்பின் ஒற்றைத் தகட்டோடு நிற்காமல், அந்த இரண்டாம் தகட்டுக்காக முழுப் பெட்டியையே தேடுவது நல்லது. அதைக் கேட்ட கையோடு, பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தி 1972இல் பதிவான புச்சீனியின் 'தூரந்தோ' ஓபராத் தொகுப்பையும் கேளுங்கள். ஜோன் சதர்லாண்டும் பாவரொத்தியும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றிருக்க, கபாயே அதில் லியூ என்ற அடிமைப் பெண்ணாகப் பாடுகிறார். முதல் அங்கத்தில் லியூவின் பாட்டு முடியும் ஸ்வரத்தை அவர் மெல்லத் தொட்டுப் பெருக்கும் இடம், 'என்சுவென்யோ'வில் அவர் செய்வதன் பதினைந்து ஆண்டு இளைய வடிவம்.