பைலட் கனவுக்கு பிஆர்கேயா, லேசிக்கா?

கல்லடியில் இருக்கிற மருமகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு இலங்கை விமானப்படையில் பைலட் ஆவேன் என்று நிற்கிறான். கண்ணாடி பவர் மைனஸ் 2, அதாவது கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் பார்க்க லேசரால் செய்யும் கண் சத்திரசிகிச்சைகள்தான் பிஆர்கேயும் லேசிக்கும்.

லேசிக்கில் கருவிழியின் மேல் மெல்லிய மடலொன்றை வெட்டித் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி மூடுவார்கள். அடுத்த நாளே ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த மடல் பழைய உறுதியோடு ஒட்டாது. பலத்த அடி பட்டால் வருடங்கள் கழித்தும் விலகலாம்.

பிஆர்கேயில் மடலே இல்லை. கருவிழியின் மேற்படலத்தை அகற்றிவிட்டு நேரே லேசர். மூன்று, நான்கு நாள் எரிச்சலில் பொடியன் துடிப்பான். பார்வை முழுதாகத் தெளியக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள். கடும் வெயில் கருவிழியை மங்கலாக்கக்கூடும் என்பதால் கடற்கரைக் கிரிக்கெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அவனுக்கு அதுதான் பெரிய கவலை!

அமெரிக்க விமானப்படை முதலில் பிஆர்கேயைத்தான் ஏற்றது, லேசிக்கைப் பிறகுதான். என் வாக்கும் பிஆர்கேக்கே. 18 வயது தாண்டி, பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கட்டும். நம் விமானப்படை சத்திரசிகிச்சை செய்த கண்ணை ஏற்குமா என்று ஆட்சேர்ப்பு நிலையத்தில் முதலில் கேட்கவேண்டும். நிறக்குருட்டை லேசர் திருத்தாது; அது இருந்தால் இரண்டுமே வீண். அந்தச் சோதனைக்கு அடுத்த கிழமை போகிறோம்.